50 மதிப்பெண் தாள்: வினா எடுப்பது, திருத்துவது, திருப்பிக் கொடுப்பது – நல்லாசிரியர் எங்கே தெரிகிறார்?

வினாமேகம்

பாடம் நடத்துவது பற்றி நிறையப் பேசியாயிற்று. தேர்வு வைப்பது பற்றி ஓர் இழை வேண்டும். பேசுவதற்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம்: நான்கு அலகு, 50 மதிப்பெண், 2 மணி நேரம், 60 மாணவர்கள்.

அலகுகளுக்கு மதிப்பெண்ணை எப்படிப் பங்கிடுவது? தேர்வு முடிந்தபின் தாள் ஒழுங்காக இருந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? ஒரே விடைத்தாளுக்கு இருவர் இரண்டு விதமாக மதிப்பெண் போடுவதை எப்படிக் குறைப்பது? கடைசியாக, ஒருவரை நல்ல ஆசிரியர் என்று சொல்ல, அவருடைய மாணவர்கள் வாங்கும் மதிப்பெண் போதுமா?

பொதுவான அறிவுரை வேண்டாம். கணக்கோடு சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

கேள்வி எழுதும் முன்பே ப்ளூபிரிண்ட் போட வேண்டும், அதாவது எந்த அலகுக்கு, எந்தப் படிநிலைக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற கட்ட அட்டவணை. கேள்விகளை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்றபடி கட்டங்களை நிரப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அது சடங்கு.

ஒவ்வொரு அலகுக்கும் ஆன பாடவேளைகளை எண்ணுங்கள். 6, 10, 5, 4 என்று மொத்தம் 25 பாடவேளை ஆகியிருந்தால் மதிப்பெண் 12, 20, 10, 8. புத்தகத்தின் பக்கக் கணக்கை வைத்துப் பிரிக்க வேண்டாம். படம் நிறைந்த அலகு பக்கத்தை விழுங்கிவிடும். பிறகு குறுக்குவாட்டில் படிநிலைகள்: நினைவுகூர்தல் 15, புரிதல் 20, பயன்படுத்தல் 10, பகுத்தாய்தல் 5. கல்வியாளர் ப்ளூமின் குழுவினர் 1956இல் வெளியிட்ட கற்றல் படிநிலை வகைப்பாட்டில் ஆறு படிகள் உண்டு, 2001இல் அதன் திருத்திய வடிவமும் வந்தது. ஆறையும் ஒரே தாளில் திணித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கேள்வி எந்தப் படியைச் சேர்ந்தது என்பது 'ஏன்', 'எப்படி', 'ஒப்பிடுக' என்ற சொற்களில் இல்லை. காரணத்தை வகுப்பிலேயே எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் 'ஏன்' என்று கேட்பதும் நினைவுகூர்தல்தான். புத்தகத்தில் இல்லாத எண்கள், புத்தகத்தில் இல்லாத சூழல் வந்தால்தான் அது பயன்படுத்தல்.

நேரம்: 120 நிமிடத்தில் படிக்க 10, சரிபார்க்க 10 கழித்தால் 100. மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எல்லாக் கேள்விகளுக்கும் நீங்களே கையால் முழு விடை எழுதிப் பாருங்கள். உங்களுக்கு ஆகும் நேரத்தைப்போல் மூன்று மடங்கு மாணவருக்குக் கொடுப்பது ஆசிரியர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. ஆக, 33 நிமிடத்தைத் தாண்டினால் தாள் நீளம், எதையாவது வெட்டுங்கள். எழுதும்போதே விடைக்குறிப்பும் தயாராகிவிடும், குழப்பமான கேள்வியும் அங்கேயே பல்லிளிக்கும்.

நடுமேசை

நேரம் போதாது என்றால் சாய்ஸ் கொடுத்துவிடலாமே? 'எவையேனும் ஐந்தனுக்கு விடையளி' என்று போட்டால் பிள்ளைகளுக்கும் பதற்றம் குறையும்.

எண்கண்

@நடுமேசை, எட்டில் ஐந்து என்று சாய்ஸ் கொடுத்தால் 56 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வகுப்புக்கு 56 வெவ்வேறு வினாத்தாள் கொடுத்துவிட்டு எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறோம் என்று அர்த்தம். எட்டுக் கேள்வியும் ஒரே கடினம் என்றால் பரவாயில்லை, ஆனால் அப்படி அமைவது அரிது. இன்னொரு விளைவும் உண்டு: ஒரு முழு அலகையே விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று மாணவர் கணக்குப் போட்டுவிடுவார். கணக்குவாத்தியார் பாடவேளை எண்ணிப் பிரித்த 12, 20, 10, 8 அங்கேயே பொருளற்றுப் போகும்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே அலகுக்குள், ஒரே படிநிலையில், 'அ அல்லது ஆ' என்று ஜோடியாகக் கொடுங்கள்.

சிவப்புமை

கேள்வி வாக்கியம் பற்றி. 'காடுகளின் பயன்களை விவரி – 5 மதிப்பெண்' என்று கேட்டால் ஒருவர் ஐந்து பயன்களைப் பட்டியலிடுவார், ஒருவர் இரண்டை விரித்து எழுதுவார். இருவரும் கேள்விக்கு விடை எழுதியவர்களே. திருத்துபவர்தான் திணறுவார். 'மண்ணரிப்பைக் காடுகள் தடுக்கும் வழிகள் இரண்டைக் கூறி, ஒவ்வொன்றும் எப்படி நிகழ்கிறது என விளக்குக (2 + 3)' என்று எழுதினால் சண்டை இல்லை. உள்ளே எப்படிப் பிரிக்கப் போகிறோம் என்பதை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.

ஒரே கேள்வியின் அ பிரிவில் வரும் விடையை வைத்துத்தான் ஆ பிரிவைச் செய்ய முடியும் என்று அமைக்காதீர்கள். அ தவறினால் ஆவும் போகும். ஒரு பிழைக்கு இரண்டு தண்டனை. அமைத்தே ஆக வேண்டும் என்றால் 'அ பிரிவின் விடை 12 எனக் காட்டுக' என்று விடையைக் கொடுத்துவிடுங்கள்.

பலவுள் தெரிக பற்றி எண்கண் சொல்வார் என்று விட்டுவிடுகிறேன்.

எண்கண்

சொல்கிறேன். பலவுள் தெரிகவில் உயிர்நாடி சரியான விடை அல்ல, தவறான விடைகள். 1/2 + 1/3 = ? என்று கேட்டு 5/6, 7/8, 9/10, 11/12 என்று கொடுத்தால் தவறாகக் குறித்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. 5/6, 2/5, 2/6, 1/6 என்று கொடுத்துப் பாருங்கள். 2/5 குறித்தவர் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டுகிறார். 2/6 குறித்தவருக்குப் பொதுப் பகுதி காணத் தெரியும், தொகுதியை மாற்ற மறந்துவிடுகிறார். 1/6 குறித்தவர் பெருக்கிவிட்டார். மூவருக்கும் மூன்று வெவ்வேறு உதவி தேவை. ஒரே மதிப்பெண் கேள்வி, ஆனால் நோய் எது என்று பெயர் சொல்லிவிடுகிறது.

நம்பும்படியான தவறான விடை மூன்று கிடைக்கவில்லை என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். மூன்று தெரிவு உள்ள வினாக்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. இடத்தை நிரப்ப ஒரு கேலிக்கூத்தான நான்காவதைப் போடுவதால் பயன் இல்லை. 'மேற்கண்ட அனைத்தும்' வேண்டாம். இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் குறித்துவிடலாம். சரியான விடை மட்டும் நீளமாகவும் கவனமாகவும் எழுதப்பட்டிருப்பதும் பரவலான குறை. 'எது தவறு?' என்ற வகையைக் கூடியவரை தவிருங்கள், போட்டால் 'தவறு' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

குருட்டடி எவ்வளவு உதவும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு தெரிவு, 40 வினா, தேர்ச்சிக்கு 14 என்றால், ஒன்றுமே படிக்காமல் குறிப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவர் தேறிவிடுவார். அதே 10 வினாத் தாளில் தேர்ச்சிக்கு 4 என்றால் ஐந்தில் ஒருவருக்கும் மேல் தேறுவார். சின்ன ஸ்லிப் டெஸ்டை வைத்து யாரையும் 'தேறியவர்', 'தேறாதவர்' என்று முத்திரை குத்தக்கூடாது என்பதற்கு இதுவே காரணம் போதும்.

வினாமேகம்

நெகட்டிவ் மார்க் போட்டால் இந்தக் குருட்டடி போய்விடாதா?

எண்கண்

சராசரியில் போகும். நான்கு தெரிவுக்கு ஒரு தவறுக்கு 1/3 கழித்தால் குருட்டடியின் எதிர்பார்ப்பு பூஜ்யம். ஆனால் பாதி தெரிந்தும் துணிந்து குறிக்காத மாணவர் நட்டப்படுவார். இரண்டு தெரிவுகளை நீக்க முடிந்தவருக்குக் குறிப்பதுதான் லாபம் என்பதை எல்லாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆக, பாடத்தோடு துணிச்சலையும் சேர்த்து அளக்கிறோம். வகுப்பறைத் தேர்வில் அதற்கு அவசியம் இல்லை. வினாக்களை அதிகமாக்குங்கள், அது போதும்.

சிவப்புமை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912, 1913 ஆண்டுகளில் ஒரே விடைத்தாளின் படிகளைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வடிவியல் தாளுக்கு வந்த மதிப்பெண்கள் 28 முதல் 95 வரை. கட்டுரையில் கருத்து வேறுபாடு சகஜம் என்று தள்ளிவிடலாம், வடிவியலில்? ஒருவர் விடையை மட்டும் பார்த்தார், ஒருவர் படிகளைப் பார்த்தார், ஒருவர் கையெழுத்துக்கும் கழித்தார். எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே முடிவாகாததுதான் கோளாறு.

ஆகவே திருத்தும் முறை இப்படி இருக்கட்டும்:

விடைக்குறிப்பில் இறுதி விடை மட்டும் போதாது. படிக்குப் படி மதிப்பெண் வேண்டும். ஐந்து மதிப்பெண் கணக்குக்குச் சூத்திரம் 1, மதிப்புகளைப் பொருத்தல் 1, செய்கை 2, அலகோடு விடை 1. இரண்டாம் படியில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டு அதற்குப்பின் எல்லாம் முறையாகச் செய்திருந்தால் போவது 1 மட்டும். ஆனால் அந்தப் பிழையால் கணக்கு மிக எளிதாகிவிட்டிருந்தால் (வகுத்தல் வர வேண்டிய இடத்தில் வராமலே போனால்) செய்கைக்கான 2இல் பாதிதான். இதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

60 தாளில் ஆறை எடுத்து, பென்சிலால் மட்டும் திருத்துங்கள். விடைக்குறிப்பில் இல்லாத நியாயமான விடைகள் அங்கே தலைகாட்டும். குறிப்பைத் திருத்திக்கொண்டு பிறகு சிவப்பு மையைத் தொடுங்கள்.

தாள் தாளாகத் திருத்தாதீர்கள், கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். 60 தாளிலும் 1ஆம் கேள்வி முடிந்தபின் கட்டைக் கலைத்து அடுக்கி 2ஆம் கேள்வி. முதல் விடை பிரமாதமாக இருந்தால் அடுத்த நான்கு விடைகளுக்கும் கை தாராளமாகப் போகும். இதைத்தான் ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். வரிசையும் ஏமாற்றும்: ஐந்து மோசமான தாளுக்குப் பின் வரும் சுமாரான தாள் அருமையாகத் தெரியும். பெயர் உள்ள முகப்பை மடித்துவிடுங்கள். ஒரு கேள்வி முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்து தாளை மீண்டும் பாருங்கள். கை இறுகியதா தளர்ந்ததா என்று அங்கே தெரிந்துவிடும்.

இருவர் திருத்தினால், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது. 50க்கு 5க்கு மேல் வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் போடும் இரண்டாம் மதிப்பெண் வெறும் தலையாட்டல்.

நடுமேசை

இவ்வளவுக்கும் நேரம் எங்கே? ஐந்து வகுப்பு, வகுப்புக்கு அறுபது என்றால் முந்நூறு தாள்.

சிவப்புமை

கேள்வி கேள்வியாகத் திருத்துவதால் நேரம் கூடுவதில்லை. ஒரே விடைக்குறிப்பு மனத்தில் நிற்பதால் வேகம் கூடத்தான் செய்யும். நேரம் தின்பது இருவர் திருத்துவது மட்டும். அதை நெடுவினாக்களுக்கும், தேர்ச்சி எல்லையை ஒட்டி நிற்கும் தாள்களுக்கும் மட்டும் வையுங்கள்.

எண்கண்

இரண்டாம் கேள்வி: தாள் ஒழுங்கா? 60 பேரையும் மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் எடுங்கள் (கெல்லி 1939இல் கொடுத்த பங்கு இது). 60க்கு அது 16 பேர்.

4ஆம் வினாவை மேல் 16இல் 14 பேரும் கீழ் 16இல் 5 பேரும் சரியாக எழுதினார்கள் என்றால்:
கடினக் குறியீடு = (14 + 5) ÷ 32 = 0.59
பிரித்தறியும் குறியீடு = (14 − 5) ÷ 16 = 0.56

முதல் எண்ணின் பெயர் குழப்பும்: அது பெரிதாக இருந்தால் வினா எளிது. இரண்டாவது, நன்றாகப் படிப்பவரையும் மற்றவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது: 0.3க்கு மேல் இருந்தால் நல்ல வினா, 0.2க்குக் கீழே போனால் வினாவை எடுத்துப் பார்க்க வேண்டும். கழித்தல் குறியோடு வந்தால் உடனே பார்க்க வேண்டும்.

9ஆம் வினா, விடைக்குறிப்பின்படி சரியானது ஆ என்று வைத்துக்கொள்வோம்.
மேல் 16 குறித்தவை: அ 8, ஆ 6, இ 2, ஈ 0
கீழ் 16 குறித்தவை: அ 4, ஆ 9, இ 3, ஈ 0
பிரித்தறியும் குறியீடு (6 − 9) ÷ 16, அதாவது −0.19. நன்றாகப் படிப்பவர்கள் 'அ'வை நோக்கிப் போகிறார்கள். ஒன்று, விடைக்குறிப்பே தவறு. அல்லது ஆழ்ந்து யோசித்தால் 'அ'வும் சரியாகிவிடும் வினா அது. ஈ யாரையும் ஏமாற்றவில்லை, அடுத்த முறை நீக்கலாம்.

16 பேர் கணக்கில் ஒரே ஒருவர் மாறினால் குறியீடு 0.06 மாறும். அதனால் 0.28க்கும் 0.33க்கும் வேறுபாடு பார்த்து வாதாட வேண்டாம். 25 பேர் வகுப்பு என்றால் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரித்துக் கண்ணால் பார்த்தாலே போதும்.

கணக்குவாத்தியார்

எண்கண் சாரோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். ஒரு வினாவை 60இல் 57 பேர் சரியாக எழுதினால் பிரித்தறியும் குறியீடு தானாகவே தரைக்குப் போகும். அதைக் கெட்ட வினா என்று தூக்கினால், நன்றாக நடத்திய பாடத்தைத் தாளிலிருந்து துரத்துகிறோம். மாணவர்களை வரிசைப்படுத்தத்தான் தேர்வு என்றால் 0.56 வேண்டும். பின்னம் கூட்டத் தெரிந்ததா என்று அறியத்தான் தேர்வு என்றால் எல்லாரும் சரியாக எழுதுவதே நம் குறி.

எண்கண்

ஒப்புக்கொள்கிறேன் வாத்தியாரே. குறைந்த குறியீடு இரண்டு வகை. கடினக் குறியீடு 0.95ஆக இருந்து இது குறைந்தால் கவலை இல்லை. கடினக் குறியீடு 0.4ஆக இருந்தும் இது குறைந்தால்தான் வினாவில் ஓட்டை.

அதே காரணத்தால் சராசரியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 25 என்ற சராசரி எல்லாரும் 25ஐ ஒட்டி வாங்கியதாலும் வரும், பாதிப் பேர் 40உம் பாதிப் பேர் 10உம் வாங்கியதாலும் வரும். இரண்டாவது வகுப்பில் அடுத்த நாள் ஒரே பாடத்தை எல்லாருக்கும் திருப்பி நடத்துவது பாதிப் பேருக்கு வீண்.

ஓலைச்சுவடி

தலைப்பில் நல்லாசிரியர் இருக்கிறார், இழையில் இன்னும் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குவாத்தியார் இப்போது வாசலைத் திறந்துவிட்டார்.

நன்னூல் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணம் சொல்லும்போது நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றைப் பள்ளி விழாக்களில் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பாடம் சொல்லும் முறை பற்றிய பகுதிதான் முக்கியம். 'விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து, கொள்வோன் கொள்வகை அறிந்து' என்று போகும் அது. கொள்பவர் எப்படிக் கொள்கிறார் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். மேலே எண்கண் காட்டிய 2/5, 2/6, 1/6 வேறென்ன? கொள்வகை அறியும் கருவி. தொடர்ந்து 'கோட்டமில் மனத்தின்', அதாவது ஒரு பக்கம் சாயாத மனத்தோடு, என்கிறார் நன்னூல் ஆசிரியர் பவணந்தி. பெயரை மடித்துவிட்டுத் திருத்தச் சொன்ன சிவப்புமையின் அறிவுரை அதற்குள் அடக்கம்.

ஆசிரியர் ஆகாதவர் பட்டியலும் அதே பாயிரத்தில் உண்டு. மடற்பனை, தானாக உதிர்த்தால் உண்டு, நாமாகப் போய்ப் பறிக்க முடியாது. கேள்வி கேட்கவே மாணவர் அஞ்சும் ஆசிரியர். கழற்குடம், கழற்சிக்காய் போட்டு வைத்த குடம், போட்ட வரிசையில் அல்லாமல் மொத்தமாகக் கொட்டும். ப்ளூபிரிண்ட் இல்லாத வினாத்தாளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

குலம் பார்க்கும் சொல்லும் ஆசிரியர் இலக்கணச் சூத்திரத்தில் இருக்கிறது. அதை ஏற்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். மற்றவை இன்றைக்கும் நிற்கின்றன.

நடுமேசை

அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் 'முகமலர்ந்து' என்பதை எப்படி அளப்பது? மதிப்பெண்ணாவது எண்.

கணக்குவாத்தியார்

அளக்கலாம், ஓரளவு. கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970களில் ஆராய்ந்தபோது பெரும்பாலும் ஒரு நொடிதான் வந்தது. மூன்று நொடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாக வாய் திறவாதவர்களும் பேசினார்கள். 'விரையான்' என்பதற்கு இதைவிட நேரான அளவு கிடையாது.

இன்னொன்று, ஒரு பாடத்தைக் கொடுத்து 'இதில் மாணவர்கள் எங்கே தடுக்குவார்கள், மூன்று இடம் சொல்லுங்கள்' என்று ஆசிரியரைக் கேளுங்கள். பாடத்தில் பட்டம் வாங்கியவர் பாடத்தைச் சொல்வார். நல்லாசிரியர் '0.5ஐவிட 0.35 பெரிது என்பார்கள், ஏனென்றால் 5ஐவிட 35 பெரிது' என்று காரணத்தோடு சொல்வார். கல்வி ஆய்வாளர் ஷுல்மன் 1986இல் பாட அறிவையும் அதைக் கற்பிக்கும் அறிவையும் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

மதிப்பெண் எண்தான், ஆனால் யாருடைய எண்? போன ஆண்டு ஆசிரியர், வீட்டுச் சூழல், தனிப்பயிற்சி எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்து எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் நியாயம். மதிப்பெண்ணை வைத்து மட்டும் ஆசிரியரை எடைபோட்டால் தேர்வுக்கு வரும் கேள்வியை மட்டும் நடத்துவார், தேறமாட்டார் என்று தோன்றுபவரை ஒதுக்குவார். எண் உயரும், அளந்தது எதை என்று தெரியாது.

வினாமேகம்

அப்படியானால் திருத்தி முடித்த தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் மதிப்பெண்ணை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சிவப்புமை

ஆசிரியரின் தரம் பளிச்சென்று தெரியும் நாள் அதுதான். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண், ஒரு குழுவுக்குக் குறிப்புரை, ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். முன்னேறியது குறிப்புரை மட்டும் பெற்ற குழு. இரண்டும் பெற்றவர்கள் எண்ணைப் பார்த்தார்கள், குறிப்பை விட்டுவிட்டார்கள். ஆகவே முதல் பாடவேளையில் மதிப்பெண் இல்லாமல் தாளைக் கொடுங்கள். கூட்டலை உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்புரை 'நன்று', 'இன்னும் முயற்சி தேவை' என்றால் எழுதாமலே இருக்கலாம். 'சூத்திரம் சரி, சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை, 7, 11ஆம் வினாக்களை அப்படி மாற்றி மறுபடி செய்' என்பது குறிப்புரை. மாணவர் அதைச் செய்து காட்ட வகுப்பிலேயே இருபது நிமிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வராது.

திருத்தும்போதே பக்கத்தில் ஒரு தாள் வைத்துப் பிழைகளைக் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்: கவனப்பிழை, கருத்துப்பிழை, கேள்வியே புரியாதது என்று மூன்று பத்தி. ஒரே கருத்துப்பிழை வகுப்பில் மூன்றிலொரு பங்கினரிடம் இருந்தால் அந்தப் பகுதியை மறுபடி நடத்த வேண்டும், அதுவும் வேறு வழியில். ஐந்தாறு பேரிடம் மட்டும் என்றால் அவர்களைத் தனியே உட்காரவைத்தால் போதும். மூன்றாவது பத்தி நிரம்பினால் குறை வினாத்தாளில்.

எல்லாம் ஒரு வாரத்துக்குள். அதற்கு மேல் போனால் எழுதியது என்ன என்பதே மாணவருக்கு மறந்துவிடும்.

எண்கண்

கூடவே ஒன்று: தேர்வு என்பது அளக்க மட்டும் அல்ல, கற்கவும்தான். ரோடிகர், கார்ப்பிகே 2006 ஆய்வில் ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது 81 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ஆக, பாடத் தொடக்கத்தில் போன வாரத்திலிருந்து மூன்று கேள்வி, மதிப்பெண் பதிவேட்டில் ஏறாமல், ஐந்து நிமிடம். பதிவேட்டில் ஏற்றினால் பார்த்து எழுதுவார்கள், பயன் போய்விடும்.

வினாமேகம்

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த 9ஆம் வினாவில் 'அ'வும் சரி என்று தெரியவந்தால், தேர்வு முடிந்தபின் மதிப்பெண்ணை என்ன செய்வது?

எண்கண்

இரண்டும் சரி என்றால் அ, ஆ இரண்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள், அவ்வளவுதான். விடைக்குறிப்பு தவறு என்றால் திருத்திவிட்டு எல்லாத் தாளையும் மறுபடி எண்ணுங்கள். எந்த விடையும் சரியில்லை, வினாவே பிழை என்றால்தான் சிக்கல். வினாவை நீக்கி 49க்குக் கணக்கிடலாம், அல்லது எல்லாருக்கும் 1 கொடுக்கலாம். 24 வாங்கிய ஒருவர் 9ஆம் வினாவுக்கும் மதிப்பெண் பெற்றிருந்தால், நீக்கும்போது 23/49, அதாவது 48 சதவீதத்திலிருந்து 46.9க்கு இறங்குவார். எல்லாருக்கும் 1 கொடுத்தால் யாரும் இறங்க மாட்டார்கள். பிழை வினாத்தாள் எடுத்தவருடையது என்பதால் இரண்டாவதே முறை. ஆனால் அறிவிப்பதைத் தாள் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். கொடுத்தபின் என்றால் மீதி 49 மதிப்பெண்ணுக்கும் வாதாட வரிசை நிற்கும்.